நூலக அடுக்கில் தமிழ் 'பிற மொழி'யா?

ஒரு நாட்டின் அறிவுநிலையை அளக்க முற்படுவோர் அந்நாட்டு நூலகங்களில் எத்தனை நூல்கள் உள என்று எண்ணுவர். எண்ணுதல் நன்றே, ஆயின் அதனோடு நின்றுவிடுதல் பிழை. அந்நூல்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன? வேண்டியவன் கைக்கு வேண்டிய பொழுதில் வந்து சேர்கின்றனவா? எவருடைய கண்கொண்டு அவை வகுக்கப்பெற்றன? இவ்வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். களஞ்சியம் நிறைய நெல்லிருந்தும், அதன் திறவுகோல் அயலான் இடுப்பில் தொங்குமாயின், களஞ்சியத்துக்குரியவன் பட்டினி கிடப்பதில் வியப்பென்ன?

கோவைக்கு வடக்கே சத்தியமங்கலச் சாலையில் உள்ளது சரவணம்பட்டி. மேட்டுக்காடுகள் சூழ்ந்த ஊராயிருந்த அது 2011-இல் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. இன்று அதன் இருமருங்கும் கணினி நிறுவனங்களும் கல்லூரிகளும் நெருங்கி நிற்கின்றன. இத்தகைய ஊரின் நூலகத்துக்கு வருவோர் இருவகையினர்.

பஞ்சாலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் மாலைதோறும் வருகிறார் எனக் கொள்க. அவருக்கு இன்ன நூல்தான் வேண்டும் என்பதில்லை. அடுக்குகளின் ஊடே உலாவுவார், கண்ணிற் பட்டதை எடுப்பார், இரண்டு பக்கம் புரட்டுவார், பிடித்தால் அமர்வார். அவருக்குப் பட்டியல் வேண்டா, அடுக்கே பட்டியல். ஒன்றையடுத்து ஒன்றாய் உறவுடைய நூல்கள் நின்றால், ஒரு நூலைத் தேடி வந்தவர் ஒன்பது நூல்களைக் கண்டுகொண்டு போவார்.

மற்றொருவர் ஆய்வு மாணவர். கொங்குநாட்டுக் கிணறுகளில் காளை பூட்டி நீரிறைத்த கவலை ஏற்றம் மறைந்து, 1932-இல் பைக்காரா நீர்மின்னாற்றல் வந்தபின் மின்னிறைப்பி பரவிய வரலாற்றை ஆராய்கிறார் எனக் கொள்க. அவருக்கு வேண்டிய செய்திகள் ஓரிடத்தில் இரா. சில வேளாண்மையில் இருக்கும், சில பொறியியலில், சில நாட்டுப்புறவியலில், சில மாவட்ட வரலாற்றில். நூலகக் கணினியில் 'கவலை' என்று தட்டினால், மனக்கவலை போக்கும் வழி கூறும் நூல்கள் வரிசையாய் வந்து நிற்கும்! கொங்கர் கவலை என்பதைப் பாண்டிநாட்டார் கமலை என்பர். பிறர் கபிலை என்பர். இம்மூன்றும் ஒன்றென்று அப்பட்டியலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாணவரின் கவலை இரட்டித்ததே அன்றிக் குறைந்தபாடில்லை.

இவ்விருவருக்கும் ஒருங்கே உதவுவது எங்ஙனம் என்பதே நூலடுக்கின் முதற்சிக்கல். ஒரு நூல் ஒரு வேளையில் ஓரிடத்திலேதான் நிற்க முடியும். அதன் பொருளோ பலவிடத்துக்கும் உரியது. ஆகலின், அடுக்கு உலாவுவோர்க்காகவும், பட்டியல் ஆய்வோர்க்காகவும் அமைதல் வேண்டும். அடுக்கில் ஓரிடம் பெற்ற நூல் பட்டியலில் ஐந்திடம் பெறலாம். இதனை உணராத நூலகம் இரண்டையும் கெடுக்கும்: அடுக்கில் எண் மட்டும் எழுதிப் படிப்பவனை மருட்டும், பட்டியலில் ஒரே ஒரு பதிவு செய்து ஆய்பவனை அலைக்கழிக்கும்.

தமிழ்நாட்டுக்கு வாய்த்த பெருமை

இத்துறையில் தமிழ்நாடு பிறரிடம் கையேந்த வேண்டிய நாடன்று. உலகமே எடுத்துப் பயிலும் நூலக அறிஞர் ஒருவரை இம்மண் ஈன்றது. 1892-இல் சீர்காழியில் பிறந்த அரங்கநாதனார், கணக்காசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்தார். இலண்டன் சென்று பயின்று மீண்டு, 1931-இல் நூலக இயலின் ஐந்து நெறிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்தற்கே உரியன. ஒவ்வொரு படிப்பாளர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய படிப்பாளர் கிடைக்க வேண்டும். படிப்பாளரின் காலம் வீணாதல் ஆகாது. நூலகம் வளரும் உயிர் போன்றது என்பவை அந்நெறிகளின் சாரம். பூட்டிய பேழைக்குள் பொத்தகங்களைச் சிறைவைத்துக் காவல் காப்பதே நூலகர் கடமை என்றிருந்த காலத்தில், பேழையைத் திறந்து படிப்பவனை உள்ளே உலாவ விடுக என்று சொல்லிய குரல் அது.

அவர் முயற்சியாற் பிறந்ததே சென்னைப் பொது நூலகச் சட்டம். ஆங்கிலர் வெளியேறிய பின் இந்நிலப்பரப்பில் முதன்முதலாய் இயற்றப்பெற்ற நூலகச் சட்டம் அதுவே, ஆண்டு 1948. அதனை நிறைவேற்றிய கல்வி அமைச்சர் கொங்குநாட்டு அவிநாசிலிங்கனார். தமிழ்க் கலைக்களஞ்சியப் பணிக்கு வித்திட்டவரும் அவரே. அக்களஞ்சியத்தின் பத்து மடலங்களையும் உருவாக்கிய பெரியசாமித் தூரனும் கொங்குநாட்டவரே. எளிய குடிமகன் செலுத்தும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே பெறப்படுகிறது. இன்று தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. வரி கொடுத்தவன் தமிழன். கட்டடம் தமிழன் மண்ணில். படிக்க வருபவனும் தமிழன். அடுக்குமுறை மட்டும் எவனுடையது?

தமிழ் எங்கே நிற்கிறது?

உலகில் பெரும்பரவல் பெற்ற முறை, அமெரிக்கராகிய மெல்வில் தூயி (டூயி எனப் பலரும் எழுதுவர்) 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பாகும். அறிவு முழுவதையும் பத்து வகுப்பாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாய்ப் பிரித்துச் செல்வது அது. கூர்மையான அமைப்பே, ஐயமில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் பொது நூலகங்கள் சிலவற்றிலும் இம்முறையே வழங்குகிறது.

அதில் மொழிகளுக்குரிய வகுப்பு 400. ஆங்கிலத்துக்கு 420, செருமனுக்கு 430, பிரெஞ்சுக்கு 440, இத்தாலியத்துக்கு 450, இசுப்பானியத்துக்கு 460, இலத்தீனுக்கு 470, கிரேக்கத்துக்கு 480. எஞ்சிய உலக மொழிகள் அனைத்தையும் ஒரே மூட்டையாய்க் கட்டி, 490 என்ற எண்ணிட்டு, 'பிற மொழிகள்' என்று பெயரிட்டனர். அம்மூட்டைக்குள் 494 என்னும் சிறுமூட்டையில் துருக்கியம், மங்கோலியம், பின்னியம், அங்கேரியம் ஆகியவற்றோடு ஒண்டுக் குடித்தனமாய்த் தமிழினத்து மொழிகளும் கிடக்கின்றன. தமிழின் எண் 494.811. இலக்கியத்திலும் இதே கதைதான். ஆங்கிலப் பாட்டுக்கு 821 என்று மூன்றே இலக்கம். தமிழ்ப் பாட்டுக்கு 894.8111 என்று ஏழிலக்கம். சமய வகுப்பில், 220 முதல் 280 வரை கிறித்தவத்துக்கு. மற்றெல்லாச் சமயங்களும் 290-இல். தமிழன் கண்ட சிவநெறி எங்கே என்று தேடினால், 294.5513 என்ற நீண்ட எண்ணின் கடைவாலில் தொங்குகிறது.

எண் நீண்டால் என்ன குறை என்பார் உளர். நூல்முதுகில் எண் நீளும்போது அதனைப் பிழையின்றி எழுதுவதும், பிழையின்றி அடுக்குவதும், பிழையின்றித் தேடுவதும் அரிதாகின்றன. பகுதிநேரப் பணியாளர் ஒருவரே எல்லாப் பணியும் செய்யும் ஊர்ப்புற நூலகத்தில், பாட்டும் புதினமும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதன் கரணியம் இதுவே. அயல்மொழிக்குக் குறுவழியும் தாய்மொழிக்குச் சுற்றுவழியும் வகுத்த நூலகம் தாய்மொழி நாட்டில் இருப்பது இயற்கையா என்பதே வினா.

இன்னொரு கேடும் உண்டு. தூயி மொழியை 400-இல் வைத்தார். இலக்கியத்தை 800-இல் வைத்தார். இடையே இயற்கையறிவியலும் மருத்துவமும் வேளாண்மையும் கலைகளும் நிற்கின்றன. தமிழுக்கு இப்பிரிவு பொருந்துமா? தொல்காப்பியத்தில் எழுத்தும் சொல்லும் மொழியியல். பொருளதிகாரமோ வாழ்வியலும் இலக்கியவியலும். ஒரே பேராசானின் ஒரே நூலுக்கு எழுந்த உரைகளும் ஆய்வுகளும் இம்முறைப்படி இரண்டாய்ப் பிளந்து, பாதி இக்கோடியிலும் பாதி அக்கோடியிலும் போய் நிற்கும். எழுத்ததிகார உரையைப் புரட்டியவர் பொருளதிகார ஆய்வைத் தற்செயலாய்க் காணும் பேற்றினை இழக்கிறார்.

ஆயினும் முழுப்பழியையும் தூயியின் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. அவர் தம் நாட்டுப் படிப்பாளரை முன்வைத்துத் தம் நாட்டு நூல்களை அடுக்கினார். அது அவர் கடமை. அவர் வழிவந்த பதிப்பாசிரியர்களோ, ஒரு நாட்டார் விரும்பின் தம் மொழியையும் இலக்கியத்தையும் முன்னே வைத்துக்கொள்ள இசைவும் தந்துள்ளனர். விரும்பும் மொழிக்கு 410, 810 என்ற எண்களையே தரலாம். அன்றி ஓர் எழுத்தையோ குறியையோ இட்டு 420-க்கும் 820-க்கும் முன்னே நிறுத்தலாம். அவ்வாறாயின் தமிழ்ப் பாட்டுக்கு 894.8111 என்று எழுதவேண்டுவதில்லை. 8த1 என்று எழுதினால் போதும்! சமய வகுப்புக்கும் இத்தகைய இசைவு உண்டு. வாயில் திறந்தே கிடக்கிறது. உள்ளே நுழையத்தான் தமிழனுக்குத் துணிவில்லை. அயலான் கதவடைத்த கொடுமையினும், திறந்த கதவுக்கு வெளியே தானே கைகட்டி நிற்கும் அடிமை மனம் கொடிது.

சப்பானியர் செய்தது, கொரியர் செய்தது

உலகப் பொதுமுறையைக் கைவிட்டால் தமிழன் தனிமைப்பட்டுப் போவான் என அஞ்சுவோர் கிழக்கே நோக்குக. சப்பானியர் 1929-இல் தமக்கெனப் பதின்மப் பகுப்பொன்றை அமைத்தனர். தூயியின் பத்து வகுப்பு உத்தியை ஏற்றனர். உள்ளடக்கத்தைத் தம் நாட்டுக்கேற்ப மாற்றினர். அதில் சப்பானிய மொழிக்கு 810. சப்பானிய இலக்கியத்துக்கு 910. ஆங்கில இலக்கியம் 930-இல் பின்னே நிற்கிறது. கொரியர் 1964-இல் தம் பகுப்பை வெளியிட்டனர். மொழியை 700-க்கு நகர்த்தி, 800-இல் உள்ள இலக்கியத்துக்குப் பக்கத்தில் அமர்த்தினர். கொரிய மொழிக்கு 710. கொரிய இலக்கியத்துக்கு 810. இதனால் சப்பானியரும் கொரியரும் அறிவியலில் பின்தங்கினரா? உலகினின்றும் துண்டிக்கப்பட்டனரா? தம் வீட்டை ஒழுங்கு செய்தவனே ஊரோடு உறவாடத் தகுதியுடையவன்.

நூல் மாற்றுக்கும் உலகத் தொடர்புக்கும் தூயி எண் வேண்டுமெனின், அதனைப் பட்டியற்பதிவில் ஒரு மூலையில் குறித்துக்கொள்க. கணினிக்கு இரண்டு எண்ணை நினைவில் வைத்தல் பெரும்பாடன்று. அடுக்கிலும் நூல்முதுகிலும் தமிழ்முதன்மை நிற்கட்டும்.

அரங்கநாதனாரின் முறையும் தமிழ் மரபும்

அரங்கநாதனார் 1933-இல் வெளியிட்ட முக்காற்புள்ளிப் பகுப்பு (கோலன் பகுப்பு என்பர்) வேறு வகையது. தூயி முன்கூட்டியே எல்லா அறைகளையும் கட்டிவைத்து, நூலை அவற்றுள் ஒன்றில் அடைத்தார். அரங்கநாதனாரோ அறைகளைக் கட்டாது செங்கற்களை மட்டும் ஆக்கித் தந்தார். இலண்டன் கடையொன்றில் இரும்புத் தகடும் திருகும் கொண்டு பலவகைப் பொம்மைகளைப் பூட்டிப் பிரித்துக் காட்டும் விளையாட்டுக் கருவியைக் கண்டபொழுது இவ்வெண்ணம் அவர்க்கு உதித்தது என்பர். எந்த நூற்பொருளையும் தனிப்பொருள், பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐங்கூறாய்ப் பகுத்து, அக்கூறுகளைக் குறிகளால் இணைத்து எண் ஆக்கும் முறை அது.

இது தமிழ் அறிந்தார்க்குப் புதிதாய்த் தோன்றாது. கொங்குநாட்டுச் சீனாபுரத்தவர் எனச் சொல்லப்பெறும் பவணந்தியார், நன்னூலில் பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுத்தார். தொல்காப்பியரோ அகவாழ்வை முதல், கரு, உரி என்று பகுத்து, முதற்பொருள் என்பது நிலமும் பொழுதுமே என்றார். இடமும் காலமும் அறிவுப் பகுப்பின் அடிப்படை என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே கண்ட மொழி தமிழ். அரங்கநாதனார் நன்னூலைப் பார்த்து வகுத்தார் என்பது ஈண்டுக் கருத்தன்று. நூலகப் பகுப்பைத் தமிழிலேயே எண்ணவும், தமிழ்ச் சொற்களாலேயே கற்பிக்கவும், தமிழ்க் குறிகளாலேயே எழுதவும் தடையேதும் இல்லை என்பதே கருத்து.

முன்சொன்ன மாணவரின் பொருளையே எடுத்துக்கொள்க. பொருள்: கிணறு. சினை: சாலும் வடமும் உருளையும். தொழில்: நீரிறைத்தல். இடம்: கொங்கு. காலம்: மின்னாற்றலுக்கு முந்தியது. இவ்வைந்து வாயிலில் எதன்வழி நுழைந்தாலும் அந்நூல் அகப்படுமாறு பட்டியல் அமையுமாயின், ஆய்வாளர் அலைய வேண்டுவதில்லை. கொங்கு என்று தேடுவார்க்கும் அது கிடைக்கும். கிணறு என்று தேடுவார்க்கும் கிடைக்கும்.

ஆயின் முக்காற்புள்ளிப் பகுப்பிலும் குறையுண்டு. அது தமிழ் இலக்கியத்துக்கு ஆங்கில எழுத்தொன்றும் 31 என்ற எண்ணுமாய்க் குறி தருகிறது. புள்ளியும் காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் கலந்த நீண்ட குறிகள் ஆய்வறிஞர்க்கு இனிக்கலாம்; பஞ்சாலை முதியவர்க்கு அவை மந்திர எழுத்தாய்த் தோன்றும். நூலகரே குழம்பும் குறி படிப்பவனுக்கு எங்ஙனம் வழிகாட்டும்? ஆகலின் அம்முறையின் பகுப்புநுட்பத்தைப் பட்டியலுக்குக் கொள்க. அடுக்குக்கு எளிய தமிழ்க் குறியும், பேழைதோறும் கண்ணுயரத்தில் பெரிய எழுத்தில் தமிழ்ப் பெயரும் வைக்க.

அகரவரிசையும் அயலான் கையிலா?

கணினி வந்தபின் பட்டியற்சிக்கல் தீர்ந்ததெனப் பலர் மகிழ்கின்றனர். தமிழ் எழுத்துகளுக்கு உலகக் கணினிகள் வழங்கும் ஒருங்குகுறி எண்வரிசையைச் சற்று நோக்குக. தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வரும் எழுத்துகள், அங்கே பிற இந்திய எழுத்துகளின் அச்சில் வார்க்கப்பெற்றுள்ளன. நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். லகரத்தை அடுத்து ளகரம், பின்னர் ழகரம், அதன்பின் வகரம். புள்ளிக்குறியோ உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் கடைசியில். இக்குறியெண் வரிசைப்படியே பட்டியலை அடுக்கும் மென்பொருளில் என்ன நிகழும்? 'மரம்' என்பதற்கு முன்னே 'மனம்' வரும். 'வழி' என்பதற்கு முன்னே 'வளி' வரும். 'அக்கரை'க்கு முன்னே 'அகம்' நிற்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகரமுதலியில் தேடிப் பழகியவர், அந்நூலகப் பட்டியலில் நூல் இல்லை என்றே எண்ணித் திரும்புவார்.

இதனைத் திருத்தும் வரிசைநெறிகள் கணினியுலகில் ஏற்கெனவே வகுக்கப்பெற்றுள்ளன. அவற்றைப் பொருத்துமாறு கேட்பதுதான் எஞ்சிய வேலை. நூலக மென்பொருள் வாங்குவோர் இருபது தமிழ்ச் சொற்களை இட்டு, நெடுங்கணக்கு வரிசையில் வருகின்றனவா என ஓர் ஆய்வு செய்தபின் வாங்குதல் அரிதோ? தமிழ்நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்தில் மட்டும் பதிவு செய்யும் வழக்கம் இதனினும் இழிந்தது. ழகரமும் ளகரமும் லகரமும் ஓரெழுத்தாய்க் குழம்பும். குறிலும் நெடிலும் கலக்கும்.

பெயர்ப்பதிவிலும் கண்ணோட்டம் வேண்டும். மறைமலையடிகள் தொடக்கத்தில் வேதாசலம் என்ற பெயரால் எழுதியவர். தனித்தமிழ் உணர்வால் பெயரை மாற்றிக்கொண்டவர். கொங்கு வரலாறெழுதிய கோவைகிழார், இராமச்சந்திரன் செட்டியார் என்ற பெயராலும் அறியப்பெற்றவர். பாவாணர் ஓரிடத்தில் தேவநேயன், ஓரிடத்தில் தேவநேயப் பாவாணர், ஓரிடத்தில் ஆங்கில எழுத்தில் வேறொரு வடிவம் என்று பதியப்பெறுவாராயின், ஒருவரே மூவராய்ச் சிதைந்துபோவார். எல்லா வடிவங்களையும் ஒரு தலைப்பின்கீழ்க் கொணர்ந்து, மற்ற வடிவங்களினின்று 'காண்க' என்று வழிகாட்டுவதே முறை.

பொருட்டலைப்புக்கும் இதுவே நெறி. தலைப்பு வேளாண்மை என்றே நிற்கட்டும். விவசாயம் என்று தேடி வருபவனையும் பட்டியல் அங்கே அழைத்துச் செல்லட்டும். மருத்துவம் என்றே தலைப்பிடுக. வைத்தியம் என்று கேட்பவனைத் துரத்திவிடாது மருத்துவத்துக்கு வழிகாட்டுக. கலப்புச் சொல்லோடு வந்தவன் தூய சொல்லைக் கற்றுக்கொண்டு போவான். மேடையில் நூறுமுறை முழங்கியும் பரவாத சொல், பட்டியலில் ஒருமுறை கண்ணிற் பட்டால் நெஞ்சிற் பதியும். தனித்தமிழ் வளர்ச்சிக்கு இத்துணை அமைதியான, இத்துணை ஆற்றல்மிக்க கருவி வேறுண்டா?

மெல்லிய வெளியீடுகள் மறையலாமா?

ஆய்வாளர்க்குப் பெரிதும் வேண்டுவன தடித்த நூல்களல்ல; மெல்லிய வெளியீடுகளே. குறுநூல், மாநாட்டு மலர், துண்டறிக்கை, சிற்றிதழ், ஊர்க்கோவில் வரலாறு, விசைத்தறித் தொழிலாளர் சங்க அறிக்கை ஆகியவற்றுக்கு முதுகு இல்லை. ஆகவே அடுக்கில் நிற்கா. நிற்காதவை மூட்டைக்குள் போகும். மூட்டை பழந்தாள் கடைக்குப் போகும். மொழிப்போரின் வரலாறும் தனித்தமிழ் இயக்க வரலாறும் பெரும்பாலும் இத்தகைய தாள்களிலேதான் உள்ளன. 1959-இல் தோன்றிய தென்மொழி போன்ற இதழ்களின் முழுத்தொகுதி எத்தனை ஊர்களில் உண்டு? கொங்குநாட்டு ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தையின் இராவண காவியம் 1948-இல் அரசால் தடைசெய்யப்பெற்று, 1971-இல்தான் விடுதலை பெற்றது. தடையைக் கண்டித்தும் ஆதரித்தும் வந்த எழுத்துகள் எங்கே? அந்நூல் பாட்டு வகுப்பில் நிற்கும், சரியே. ஆயின் தடைசெய்யப்பெற்ற நூல்கள், கொங்குப் புலவர்கள், இராமகாதைக்கு மறுப்பு என்னும் தலைப்புகளிலும் அதற்குப் பதிவு வேண்டும். இன்றேல் வருங்கால ஆய்வாளர்க்கு அந்நூல் வெறும் பாட்டாகவே தோன்றும்.

தனிமாந்தர் சிலர் செய்துகாட்டியுள்ளனர். மறைமலையடிகள் தாம் அரும்பாடுபட்டுத் தொகுத்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைத் தமிழர்க்கே விட்டுச் சென்றார். அவற்றைக் கொண்டு 1958-இல் சென்னையில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அவர் பெயரால் நூலகம் அமைத்தனர். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியராகிய உரோசா முத்தையா, நூல்களோடு நாடக அறிவிப்புத் தாள்களையும் திருமண அழைப்பிதழ்களையும் விடாது தொகுத்தார். அவர் 1992-இல் மறைந்தபின், ஏறத்தாழ நூறாயிரம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கிற்று. 1994-இல் சென்னையிலேயே ஆய்வு நூலகம் உருவாயிற்று. தமிழன் குப்பையென்று ஒதுக்கியதை அமெரிக்கன் செல்வமென்று கண்டான். இது பெருமையா, நாணமா?

யாழ்ப்பாணம் தந்த பாடம்

யாழ்ப்பாணப் பொது நூலகம் அமைத்தோர் அரங்கநாதனாரின் அறிவுரையைப் பெற்றே அதனை உருவாக்கினர். 1959-இல் கட்டடம் திறக்கப்பெற்றது. 1981 மே 31 நள்ளிரவில் சிங்கள வெறியர் அதனைத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத நூல்களும் ஓலைச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். உலகத் தமிழர் நெஞ்சில் ஆறாப் புண் அது.

அத்தீ இரண்டு பாடங்களைக் கற்பித்தது. முதலாவது, ஒரே இடத்தில் ஒரே படியாய் உள்ள நூல் பகைவன் கையிலுள்ள ஒரு தீக்குச்சிக்கு அஞ்சிய நூல். ஆகவே நூலகங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றியப் பட்டியல் வேண்டும்; எந்த நூல் எங்கெங்கு எத்தனை படி உண்டென்று அது காட்டும்; ஒரே படியாய் உள்ளதைக் கண்டுபிடித்துப் படியெடுக்கத் தூண்டும். ஈழத்தமிழர் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் இப்பாடத்தைக் கற்றதன் விளைவே எனலாம். இரண்டாவது பாடம் தமிழ்நாட்டுக்கே உரியது. நூலை அழிக்கத் தீ வேண்டுவதில்லை. யாரும் தேடிக் காணமுடியாத மூலையில் தவறான எண்ணோடு வைத்தாலே போதும். எரிந்த நூலுக்காக அழுவோர் உண்டு. தொலைந்த நூலுக்காக அழுவார் எவருமிலர்.

செய்யவேண்டுவன

கோவை காந்திபுரத்தில் 2024 நவம்பர் 6 அன்று பெருநூலகம் ஒன்றுக்குத் தமிழக முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். அதற்குப் பெரியார் பெயர். தன்மதிப்பு ஒன்றையே வாழ்நாளெல்லாம் கற்பித்த அப்பெருமகன் பெயர் தாங்கும் நூலகத்தில், தமிழ் 'பிற மொழி'யாய்ப் பின்னடுக்கில் நிற்பது தகுமா? தமிழ் உணர்வாளர் அரசையும் நூலகத் துறையையும் வலியுறுத்த வேண்டுவன இவை:

1. தமிழ் மொழிக்கும் இலக்கியத்துக்கும் அடுக்கில் முதலிடம் தருக. அவை இரண்டையும் அண்டை அண்டையாக நிறுத்துக. அயற்பகுப்பே தந்துள்ள இசைவைப் பயன்படுத்தித் தமிழெழுத்துக் குறி இடுக.

2. பேழைதோறும் தமிழில் பெயரெழுதுக. உலாவுவோர் எண்ணை நம்பி வாரார். சொல்லை நம்பியே வருவர்.

3. மாவட்டந்தோறும் வட்டாரத் தொகுப்பு வேண்டும். கோவையில் கொங்குநாட்டு வரலாறு, ஆலைத்தொழில், தறி, கிணறு, வட்டார வழக்கு, கொங்குப் புலவர் ஆகியவை ஓரிடத்தில் நிற்கட்டும். இத்தொகுப்பை வெளியே எடுத்துச் செல்ல விடாது, அமர்ந்து படிக்க இடந்தருக.

4. தூய தமிழ்ப் பொருட்டலைப்புப் பட்டியல் ஒன்றை மொழியறிஞரும் நூலகரும் கூடி ஆக்குக. வட்டாரச் சொல்லினின்றும் கலப்புச் சொல்லினின்றும் வழிகாட்டும் குறிப்புகள் அதில் இடம்பெறுக.

5. நெடுங்கணக்கு வரிசையில் அடுக்காத எந்த மென்பொருளையும் வாங்கற்க.

6. குறுநூல்களையும் இதழ்களையும் பெட்டிகளில் இட்டு, பெட்டிதோறும் உள்ளடக்கம் எழுதி, பட்டியலில் ஏற்றுக.

7. தமிழ்நாடு, ஈழம், மலேயா, சிங்கப்பூர் நூலகங்களை இணைக்கும் ஒன்றியப் பட்டியல் காண்க.

இவற்றுள் மூன்றாவதும் ஆறாவதும் பெருஞ்செலவு வேண்டாதன. ஒரு பேழையும், ஒரு பெட்டியும், ஓராண்டு உழைப்பும் போதும். அரசு செய்யும் வரை காத்திருத்தல் வேண்டா. தெருத்தோறும் படிப்பகம் கண்டு, தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் தாளிகை படிக்கும் பழக்கத்தை வளர்த்த மண் இது. சரவணம்பட்டியிலோ பெருந்துறையிலோ பல்லடத்திலோ உள்ள ஒரு தமிழ்மன்றம், தன் பேழையில் உள்ள இருநூறு நூல்களுக்கு இம்முறைப்படி ஒரு பட்டியல் எழுதிப் பார்க்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், கணினியறிந்த இளைஞர் ஒருவரும் சேர்ந்தால் சில கிழமைகளில் முடியும் பணி இது. ஒவ்வோர் இதழையும் படித்தவுடன் எறியாது ஆண்டுவாரியாய்க் கட்டி, ஒரு தொகுதியை மன்றத்துக்கும் ஒரு தொகுதியை மாவட்ட மைய நூலகத்துக்கும் தரட்டும். இப்பக்கங்களும் நாளை ஓர் ஆய்வாளர் தேடும் தாள்களே.

வீட்டில் தாய்க்கு எவ்விடம் என்பதைக் கொண்டே மகனின் தகுதி அளக்கப்படும். தமிழ்நாட்டு நூலகத்தில் தமிழ்த்தாய்க்கு எவ்விடம் என்பதைக் கொண்டே தமிழரின் தகுதியை உலகம் அளக்கும். பஞ்சாலை முதியவர் தயக்கமின்றி நடந்துசென்று தமக்குரிய நூலைத் தாமே கையிலெடுக்கும் நாளும், கவலை ஏற்றத்தைத் தேடிய மாணவர் மனக்கவலையின்றித் திரும்பும் நாளும் வரவேண்டும். அந்நாளில்தான் தமிழ்நாட்டு நூலகம் தமிழர் நூலகமாகும். அடுக்கை மாற்றுக, அறிவு தானே தன் இடத்துக்கு வந்து சேரும்!